கேள்வி கேட்கும் உரிமை

1957இல் விடுதலை பெற்ற கானா, 1961இல் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கியது. பள்ளிகள் பெருகின; வாத்தியார்கள் போதவில்லை. அந்த ஆகஸ்டிலேயே அமெரிக்காவின் பீஸ் கார்ப்ஸ் அனுப்பிய முதல் ஆசிரியர்கள் அக்ராவில் வந்திறங்கினார்கள்.

கிராமத்தில் தங்கும் தொண்டர் தண்ணி சுமக்கிறார், ஃபுஃபு சாப்பிடுகிறார், இடது கையால் எதையும் நீட்டக் கூடாதுன்னு பிள்ளைகளிடமே கத்துக்கிறார். அந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை. என் கேள்வி வேறு. ஊர் சம்பளம் தராத வாத்தியாரை ஊர் கேள்வி கேட்க முடியுமா? 'நீங்க நடத்துறது புரியலை' என்று ஒரு பிள்ளை சொல்லுமா? சும்மா கிடைச்சதுல குறை சொல்லலாமா என்கிற கூச்சமே வாயை அடைத்துவிடும். ரெண்டு வருசத்தில் அவர் விமானம் ஏறுவார். பிள்ளைகள் அங்கேதான் இருக்கணும்.

1968இல் மெக்சிகோவில் இவான் இலிச் அமெரிக்க இளைஞர்களிடம், பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்றார். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கணக்கு வாத்தியார் இல்லாத வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த வாதம் கணக்கு சொல்லித்தராது. ஆகவே போகட்டும். ஆனால் கல்வி அந்தப் பிள்ளையின் உரிமை, யாரும் போடும் பிச்சையல்ல. 'இது வேணாம், இப்படிச் செய்யுங்க' என்று சொல்லும் அதிகாரம் ஊருக்கு இருக்கணும். அவர் கிளம்புமுன் அந்த ஊர்க்காரர் ஒருவர் அந்தக் கரும்பலகை முன் நிற்கணும். தொண்டுக்குக் கிளம்பும் தோழர்கள் இதை முதலில் யோசிக்கணும்.