வள்ளியின் சுற்றத்தார்

ஆடி மாதத்திலே கொழும்புச் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேல் இரதத்தைத் தரிசிக்க வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் நாம் குடும்பம் குடும்பமாகச் செல்கிறோம். அவ்விழாவின் வேர் கதிர்காமத்தில் இருக்கிறது. கதிர்காமத்தின் கதையோ, முருகன் வேடர் குலத்து வள்ளியை நாடிச் சென்ற கதை. ஆயினும் வீடு திரும்பியபின், பண்பற்ற ஒருவனை ஏச நேர்ந்தால், 'காட்டு வேடன்' என்று வாய் கூசாமற் சொல்கிறோம். வேடர் மகளைத் தெய்வமாக வணங்குவோர் அவளது சுற்றத்தாரை எவ்வாறு மதிக்கிறோம் என்பதை இதுவரை யோசித்ததுண்டா?

வேடர் வெறும் புராணப் பாத்திரங்களல்லர். மகியங்கனைக்கு அண்மையிலுள்ள தம்பானையில் அவர்கள் இன்றும் வாழ்கின்றனர். காட்டில் வாழ்வோர் எனப் பொருள்படும் 'வன்னியலெத்தோ' என்பதே அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயர். 1681 இல் வெளியான தமது நூலில் ரொபேட் நொக்ஸ் அவர்களைப் பற்றி எழுதினார். 1911 இல் செலிக்மன் தம்பதியர் ஒரு பெருநூலே வெளியிட்டனர். வேட்டையை மட்டும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் அப்பொழுதே மிகச் சிலவாகிவிட்டன. அதே ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 5,000 பேருக்கு மேற்பட்டோர் வேடராகப் பதிவாயினர். 1946 இல் அத்தொகை 2,000 சொச்சமாகக் குறைந்தது.

இவர்கள் அனைவரும் மாண்டு போகவில்லை. பலர் சிங்களவராயினர். கிழக்குக் கரையில், வாகரைப் பக்கத்திலே, மீன்பிடித்தும் சேனைப்பயிர் செய்தும் வாழ்வோர் தமிழ் பேசுகின்றனர். பெரும்பாலும் தமிழராகவே எண்ணப்படுகின்றனர். 1956 இன் தனிச் சிங்களச் சட்டம் நமக்கு இழைத்த அநீதியை நாம் மறக்கவில்லை; மறக்கவும் வேண்டியதில்லை. ஆனால் பெரிய இனமொன்று சிறிய இனத்தை விழுங்குவது அநீதியென்றால், விழுங்குவது நமது மொழியாக இருக்கும்போது மட்டும் அது இயல்பான கலப்பு ஆகிவிடுமா? இக்கேள்வியை நம்மவர் மேடைகளில் நாம் கேட்டதில்லை.

இதனினும் கடினமான கேள்வி ஒன்றுண்டு. வரலாறு முன்னேறும் என்று நம்புவோர் நாம். வேட்டைச் சமுதாயத்தின் பின் வேளாண்மை, அதன்பின் கைத்தொழில் எனப் படிகளை வகுத்து வகுப்பறையில் விளக்கியிருக்கிறோம். எழுபதுகளின் பிற்பகுதியில் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டம் காணியற்ற உழவனுக்கு நிலமும் நீரும் தருவதாகச் சொல்லிற்று. உழவனுக்கு நிலம் என்பது நமது கோரிக்கையுமன்றோ? எனவே, அணைகளுக்கும் வயல்களுக்குமாக எவருடைய காடு போகிறது என்று கேட்க நமக்குத் தோன்றவில்லை. 1983 நவம்பரில் வேடரின் வேட்டை நிலம் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பாட்டனார் தேனெடுத்த மரத்தை நாடி மறுநாள் கோடரியுடன் சென்ற பேரன் சட்டத்தின் முன் குற்றவாளியானான். பலர் ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். வீடும் வயலும் கிடைத்தன என்பது மெய்யே. முதியவர் திசாஹாமியும் சில குடும்பங்களும் தம்பானையை விட்டு அசைய மறுத்தனர். 1998 இல் அவர் காலமாகும்வரை அந்நிலையில் மாற்றமில்லை. நாம் வகுத்த படிகள் ஓர் அதிகாரிக்கு எத்துணை வசதியாயின! பின்தங்கியவனை முன்னேற்றுபவன் அவனது சம்மதத்தைக் கேட்க வேண்டியதில்லையல்லவா?

'அப்படியானால் அவர்களைத் தொடாது விட்டுவிடுவோம்' என்று இளகிய மனத்தினர் கூறக்கூடும். பாகிஸ்தானின் சித்ரால் மலைகளில், மூன்று பள்ளத்தாக்குகளில் வாழும் கலாஷ் மக்கள் சில ஆயிரம் பேரே. அவர்தம் வசந்த விழாவுக்கு உல்லாசப் பயணிகள் படமெடுக்கத் திரள்கின்றனர். ஆடும் பெண்ணின் அனுமதியைக் கேட்போர் சிலரே. தம்பானையிலும் தோளிற் கோடரி சாத்திய முதியவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, தேன் போத்தலொன்றும் வாங்கித் திரும்புகிறோம். கைத்தொலைபேசி வைத்திருக்கும் வேட இளைஞனைக் கண்டால் ஏமாற்றமடைகிறோம். காற்சட்டை அணிந்து காலி வீதியில் பஸ் ஏறும் நமது தமிழுக்கு மட்டும் குறை வருவதில்லை போலும்!

மாற்றுவதாயினும் காப்பதாயினும், முடிவெடுத்தவர்கள் வெளியாரே. 2020 இல் திசாஹாமியின் மகன் ஊருவரிகே வன்னிலஎத்தோ மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றார். பொல்லெபெத்த, ரத்துகல பகுதிகளிலே தம் மக்களின் பாரம்பரியக் காடு சோளப் பயிர்ச்செய்கைக்காக அழிக்கப்படுகிறது என்பது அவரது முறைப்பாடு. சோளம் பயிரிடுவோரிலும் ஏழை உழவர் இருக்கக்கூடும். அவ்வுழவனுக்கும் வேடனுக்குமிடையே எவர் பக்கம் நிற்பது என்பதற்கு நம்மிடம் ஆயத்தமான விடையில்லை. இவ்விருவரையும் ஒரே காட்டுக்காக மோதவிட்டு, நாட்டின் நல்ல நிலங்களைத் தம்மிடம் வைத்திருப்போர் யாரென்பதையாவது அடுத்த ஆடிவேலுக்கு முன் விசாரித்தறியலாம்.