எனக்கு என்னத்துக்குக் கண்ணு?

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் விரல்களைப் பற்றி ஒரு கவிதை எழுதினேன். உளுந்தில் கல் பொறுக்கும்போது அவள் சுளகைப் பார்ப்பதே இல்லை, விரலே கண்ணாகிவிட்டது என்று அதில் வரும். கல்லூரிக் கூட்டத்தில் வாசித்தபோது மாணவிகள் கைதட்டினார்கள். அம்மாவின் இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது எட்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நோயின் அறிகுறியை நான் அழகென்று எழுதியிருந்தேன்.

பசுவந்தனையில் தம்பி குடும்பத்தோடு அம்மா இருக்கிறாள். அடுப்படியில் எது எங்கே இருக்கிறதென்று நாற்பது வருஷமாக அவள் கைக்குத் தெரியும். நூறு ரூபாயை ஒரு மடிப்பாகவும் ஐந்நூறை இரண்டு மடிப்பாகவும் சுருக்குப்பையில் வைத்துக்கொள்வாள். ரேஷன் கடைக்குப் பக்கத்து வீட்டு மதினியோடுதான் போவாள். பேச்சுத்துணைக்கு என்று நினைத்தோம். மதினியின் சேலை நிறத்தைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். இருட்டினால் வெளியே இறங்குவதில்லை. ஊசியில் நூல் கோக்கப் பேரனைக் கூப்பிடுவாள். எல்லாம் எங்கள் கண்முன்தான் நடந்தது. சோறு நேரத்துக்கு வந்துகொண்டிருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒருநாள் பேரனுக்கு இருமல் மருந்து என்று வேறு புட்டியிலிருந்து ஊற்றிவிட்டாள். குடிப்பதற்குள் தம்பி மனைவி பார்த்துவிட்டாள். அன்றைக்குத்தான் வீடு அம்மாவின் கண்ணைப் பற்றிப் பேசியது.

வயதானவர்களின் பார்வை இழப்பை அளக்க மருத்துவர்கள் அன்றாட வேலைகளைப் பற்றியும் கேட்பார்கள். சமைக்க முடிகிறதா, படி இறங்க முடிகிறதா, ஆளை அடையாளம் தெரிகிறதா என்று. நல்ல கேள்விகள்தான். ஆனால் நம் வீடுகளில் வயதான பெண்ணின் அன்றாடம் என்பதே மற்றவர்களுக்குச் செய்யும் வேலை. அந்த வேலை தடைப்படாதவரை அவள் கண் நன்றாக இருப்பதாகக் கணக்கு. கண் யாருக்காக என்ற கேள்வி எழவே எழாது.

அம்மாவிடமும் எழவில்லை. அறுவைச் சிகிச்சை என்றதும், “ஏட்டி, எனக்கு இனி என்னத்துக்குக் கண்ணு? புஸ்தகமா வாசிக்கப் போறேன்?” என்றாள். முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றும் சொன்னாள். விழிலென்ஸ் வைக்காத பழைய முறையில் அப்படிக் காத்திருந்தார்கள். இன்று அதற்குத் தேவையில்லை. முற்றவிட்டால் கண்ணில் அழுத்தம் ஏறி, வலியோடு பார்வையே போகவும் கூடும்.

உலக அளவில் பார்வைக் குறைபாட்டோடு வாழ்பவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அதிக காலம் வாழ்வது ஒரு காரணம். சிகிச்சை வரை போய்ச்சேர முடியாதது இன்னொரு காரணம். இதே கரிசல் காட்டு வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பின் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை டாக்டர் நாச்சியாரும் உடனிருந்தார். சிகிச்சை இலவசம் என்றால் மட்டும் கிராமத்து ஏழைகள் வந்துவிடுவதில்லை என்பதை அனுபவத்தில் கண்டார்கள். முகாமிலிருந்து பேருந்தில் அழைத்துப்போய், சாப்பாடு போட்டு, திரும்பக் கொண்டுவந்து விட்டபோதுதான் வந்தார்கள். இறக்குமதியாகி வந்த விழிலென்ஸை 1992 முதல் அவர்களுடைய ஆரோலேப் மிகக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது.

இதில் எனக்கு ஒரு பாடம் இருந்தது. ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் பேருந்துக் கட்டணமும் இருக்கலாம். அப்படியென்றால் அந்தச் சொல்லை அவளுடைய முடிவு என்று மதித்து விலகி நிற்பது மரியாதையா, வசதியா?

“பேரனைப் பாத்துக்கணும்ல, அதுக்காவது ஆபரேஷன் பண்ணிக்கோம்மா” என்றான் தம்பி. அம்மா இளகிவிடுவாள் என்று தெரிந்தது. நானும் ஒத்து ஊதியிருப்பேன். ஆனால் அந்த வாதம் ஜெயித்தால், உழைப்பதற்குத்தான் உனக்குக் கண் என்று நாமும் சொன்னதாகிவிடும். அவனை நிறுத்தச் சொல்லிவிட்டு அம்மாவிடம் வேறு மாதிரி கேட்டேன். எது தடுக்கிறது?

“பத்து நாள் அடுப்புகிட்ட போகக் கூடாதாமே. யாரு ஆக்குவா? யாரு மருந்து விடுவா?”

தம்பி ஆக்கினான். நான் விடுப்புப் போட்டுச் சொட்டு மருந்து விட்டேன். அதற்குப் பிறகும் அவள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன் என்றே நினைக்கிறேன். தடைகளை எடுத்துவிட்டுக் கேட்கும்போது கிடைக்கிற பதில்தான் அவளுடையது. அதற்கு முன் கிடைப்பது வீட்டின் பதில். அம்மா சரி என்றாள். அந்தச் சரியிலும் பேரன் எவ்வளவு, அவள் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது கண்ணும் ஆன பிறகு ஒரு சாயங்காலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போனோம். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், பிரகாரத்து டியூப்லைட்டுகளில் எழுதியிருந்த உபயதாரர் பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தாள். “இவனெல்லாம் லைட்டு வாங்கிக் குடுத்திருக்கான் பாரேன்” என்று சிரித்தாள். நேரமாச்சு, ராத்திரிக்குச் சோறு வைக்கணுமே என்று என் வாயிலிருந்துதான் வந்தது.

“போ, வாரேன்” என்றாள். அடுத்த விளக்குக்கு நகர்ந்துவிட்டாள்.