பலகை மாறினால் கப்பல் மாறுமா?

திருகோணமலையின் பெயரைத் தாங்கிய ‘டிரிங்கமலி’ என்ற பாய்மரப் போர்க்கப்பலை பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தால் கட்டினார்கள். 1817 அக்டோபரில் அது கடலில் இறங்கியது. அதன் வரைபடத்தின் முதல் படி 1812இல் ‘ஜாவா’ என்ற கப்பலோடு மூழ்கிவிட, வேறொரு படி கொண்டே வேலை நடந்தது. பின்னாளில் ‘ஃபூட்ராயன்ட்’ எனப் பெயர் மாறிப் பயிற்சிக் கப்பலாயிற்று. 1990 முதல் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் பத்தாண்டுக்கு மேல் பழுதுபார்க்கப்பட்டு, பழைய பெயரையும் திரும்பப் பெற்றது.

பலகைகள் மாறிய பின்னும் இது அதே கப்பல்தானா? பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட, தீசியஸ் என்ற வீரனின் கப்பலை வைத்துக் கிரேக்கர் எழுப்பிய இக்கேள்வியைக் காஞ்சிபுரமும் நன்கறியும். காப்பிய நாயகி மணிமேகலை அறவண அடிகளிடம் பௌத்த அறம் கேட்டது இந்நகரில்தான். தருக்க அறிஞர் திங்நாகர் பிறந்ததும் காஞ்சிக்கு அருகே என்பது மரபு. கணந்தோறும் பொருள் அழிந்து புதிதாகிறது, ‘கப்பல்’ என்பது அந்தத் தொடர்ச்சிக்கு இட்ட பெயர் மட்டுமே என்பது பௌத்தர் வாதம். நியாய தத்துவ மரபினரான நையாயிகர் இதை ஏற்கவில்லை. உறுப்புகளுக்கு அப்பால் முழுமை என்று ஒன்று உண்மையாகவே உண்டு. உறுப்பு மாறினால் பழைய முழுமை அழிந்து புதியது தோன்றும் என்றார்கள். பழுதுபார்த்த கப்பலுக்கு இது கடுமையான தீர்ப்பே.

இதே காஞ்சியில் உள்ள வரதராசப் பெருமாள் கோயிலின் அத்தி வரதரும் மரத்தாலானவர். அனந்தசரஸ் குளத்து நீரில் நாற்பதாண்டு கிடந்து, 1979க்குப் பின் 2019இல் 48 நாள் காட்சி தந்தார். அங்கே அடியார் தேடுவது மரத்தின் வயதை அன்று, அதில் உறைபவரை. கப்பலுக்கு அப்படி உள்ளுறையும் ஆன்மா எதுவும் சொல்லப்படவில்லை. அதைக் கட்டியவர், செலுத்தியவர், காப்பவர் ஆகியோரின் நினைவே அதற்குண்டு.