புறவாசலா, நடுக்கூடமா?

ஜெபம் செய்யும் ஆலயத்துக்குள்ளேயே பந்தி போட்டால் அதன் பரிசுத்தம் குறையுமா?

நியூயார்க் நகரில் பரிசுத்த அப்போஸ்தலர் ஆலயம் என்று ஒன்று உண்டு. அது எப்பிஸ்கோப்பல் சபையாருடையது. 1982-ம் ஆண்டு முதல் அங்கே பசித்தோருக்கு இலவசமாய் உணவளித்து வருகிறார்கள். 1990-ல் அவ்வாலயத்தில் தீப்பிடித்துப் பெருஞ் சேதம் நேர்ந்தது. ஆயினும், மறுநாளும் பந்தி நடந்தது! பின்பு ஆலயத்தைப் புதுப்பித்தபோது, பெஞ்சுகளைப் பழையபடி நிலையாய்ப் பொருத்தாமல், நடுக்கூடத்திலேயே மேசைகள் போட்டார்கள். தொண்டர்கள் அங்கே பரிமாறினார்கள்.

இதில் நமக்கொரு பாடமுண்டு. பசித்தவனைப் புறவாசலில் நிறுத்திக் கொடுத்தால் அது பிச்சை. நடுக்கூடத்தில் உட்காரவைத்துப் பரிமாறினால் அது விருந்து. சோறு ஒன்றே, ஆனால், உண்பவனுடைய மானம் ஒன்றல்ல. பணம் கொடுப்பவர் தூரத்தில் நின்றே கொடுத்துவிடலாம். பரிமாறுகிறவரோ, எதிரே இருப்பவன் முகத்தைப் பார்த்தே தீரவேண்டும். அவன் பெயரும் துயரமும் அப்போதுதான் தெரியவரும்.

காணிக்கை போட்டாயிற்று, கடமை தீர்ந்தது என்று வீடு திரும்புகிறோமே, அது போதுமா? பங்கில் நோயாளியைச் சந்திக்கவும், பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லவும், பாத்திரம் கழுவவும் ஆள் தேவை. வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்க நம்மால் ஆகாதா? ஆலயத்தின் பரிசுத்தம் அதனால் குறையாது, அங்கேதான் விளங்கும்.