எவர்மீதும் பழியில்லை

டப்ளினின் சிட்னி பரேட் ரயில் நிலையத்தில், தண்டவாளத்தைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டு ஒரு பெண் இறக்கிறாள். மரண விசாரணை சொல்கிறது: எவர்மீதும் பழியில்லை. மாலைப் பத்திரிகையில் இதைப் படிக்கும் டஃபி என்ற வங்கிக் காசாளருக்கு வாய்க்கருகே கொண்டுபோன கவளம் இறங்கவில்லை. ஜேம்ஸ் ஜாய்ஸின் 'டப்ளினர்ஸ்' (1914) தொகுப்பில் வரும் கதை இது.

டஃபி கெட்டவரல்ல. தம்மைப் பற்றியே படர்க்கையில், இறந்தகாலத்தில் வாக்கியம் அமைத்துப் பார்க்கிறவர். தம் உடலைவிட்டே சற்றுத் தள்ளி வாழ்கிறவர். எல்லாவற்றையும் கவனித்து எதிலும் ஒட்டாத இந்த மனத்தை பெக்கெட்டின் 'மர்ஃபி' (1938) நாவல் ஆடுநாற்காலியில் கட்டிப்போட்டு நம்மைச் சிரிக்க வைத்தது. ஜாய்ஸிடம் சிரிக்க இடமில்லை. ஒருவருடைய வெறுமைக்கு இங்கே இன்னொருத்தி விலை கொடுத்தாளா என்பதே கேள்வி.

இறந்தவள் திருமதி சினிகோ, டஃபியோடு நட்பாகப் பழகியவள். ஒரு மாலை அவள் அவர் கையைப் பற்றித் தன் கன்னத்தில் அழுத்திக்கொள்கிறாள். டஃபி ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு சந்தித்து, உறவை முறித்துக்கொள்கிறார். வேண்டாத உறவை மறுப்பது குற்றமா? இல்லை. கேட்டவுடன் தீர்க்க அன்பு என்ன, கைமாற்றுக் கடனா? பிரிவுக்கும் சாவுக்கும் நடுவே நான்கு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. கணவரின் சாட்சியப்படி, அவள் குடிக்கத் தொடங்கியதே இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான். சாவை டஃபியின் தலையில் கட்டினால், அவள் வாழ்க்கை முழுவதும் அவர் கதைக்கு வாலாகிவிடும். மனைவியை எப்போதோ மனத்திலிருந்து இறக்கி வைத்துவிட்ட கணவரை, அந்தக் கப்பல் கேப்டனை மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை!

ஆனாலும் டிராம் வண்டியருகே நடந்தது உறுத்துகிறது. பிரியும் நேரத்தில் அவள் உடல் நடுங்குகிறது. மறுபடி உடைந்துவிடுவாளோ என்று பயந்து அவசரமாக விடைபெற்றுப் போய்விடுகிறார். மறுக்க அவருக்கு உரிமை உண்டு. நடுங்குகிறவளை அப்படியே விட்டுப் போக அந்த உரிமை இடம் தருமா? வண்டி ஏற்றிவிட்டுப் போயிருக்கலாம். நான்கு ஆண்டுகளில் ஒரு கடிதம் எழுதி நலம் கேட்டிருக்கலாம். எந்த விசாரணையும் கணக்கில் எடுக்காத பழி இது. சிறியதுதான், ஆனால் முழுக்க அவருடையது.

செய்தி படித்ததும் அவருக்கு முதலில் வந்தது அருவருப்பு. வருத்தம் பிறகுதான் வருகிறது. இருட்டிய ஃபீனிக்ஸ் பூங்காவில் அதுவும் மெல்லத் தம் தனிமையின் பக்கமே திரும்பிவிடுகிறது. தொலைவில் ஒரு சரக்கு ரயில் போகிறது. எஞ்சின் ஓசையில் அவள் பெயர் கேட்கிறது. ஒரு மரத்தடியில் நிற்கிறார். ஓசை அடங்குகிறது. மறுபடி காது கொடுத்துப் பார்க்கிறார். ஒன்றும் கேட்கவில்லை.