எண் பொறித்த பெட்டி

வந்தாறுமூலையில், பல்கலைக்கழக வாயிலை அடுத்த பஸ் தரிப்பிடத்தில், ஒரு மாலை மாணவன் ஒருவன் தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தை நம்மிடம் காட்டினான். கண்ணாடிப் பக்கங்கள் கொண்ட கணினிப் பெட்டி. உள்ளே குழாய்களில் நிறநீர் ஓடுகிறது; விசிறிகள் நீலமும் சிவப்புமாய் ஒளிர்கின்றன. விளையாட்டுக்கென்றே செய்யப்பட்ட மேசைக்கணினி அது. உலகுக்கே சில நூறு பெட்டிகள்தாம் செய்வார்களாம்; ஒவ்வொன்றிலும் அதன் வரிசை எண் பொறித்திருக்குமாம். அவனுடைய தகப்பனார் வேளாண்மை செய்பவர். இரண்டு போக விளைச்சலையும் விற்றாலும் அந்த விலைக்கு எட்டாது. "தம்பி, நம் நிலைமையில் இதற்கு ஆசைப்படலாமா?" என்று கேட்டுவிட்டோம்.

"கொழும்புப் பொடியனிட்ட இதக் கேப்பீங்களா, சேர்?" என்றான்.

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டான். கேள்வி நம்மிடம் தங்கிவிட்டது.

ஏழைக்கு எளிமையை உபதேசிப்பது உடையவர்களின் பழைய வழக்கம். உழைப்பாளி வீட்டுப் பிள்ளை நல்ல பொருளொன்றை நாடினால் அது ஆடம்பரம். உடையவன் நாடினால் அது இரசனை! இந்த நியாயத்தை மேடைகளில் கண்டித்துவந்த நாமே, ஒரு பஸ் தரிப்பிடத்தில் அதை நம் வாயால் சொல்லிவிட்டோம். ஆகவே அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டே தீர்ப்புக் கூறுவது முறை.

அதன் உயிர் கிராபிக்ஸ் கார்ட் எனப்படும் பாகத்திலே இருக்கிறது. இன்றைய உயர்தரத் திரையொன்றில் 3,840க்கு 2,160 என்ற கணக்கில் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் உள்ளன. விளையாட்டு ஓடும்போது அத்தனை புள்ளிகளின் நிறத்தையும் ஒரு வினாடிக்கு அறுபது தடவையும் அதற்கு மேலும் கணக்கிட வேண்டும். எனவே ஒரே வகைப் பெருக்கலையும் கூட்டலையும் ஆயிரக்கணக்கான சிறு கணிப்பான்கள் ஒருங்கே செய்கின்றன. 2022 ஒக்ரோபரில் வெளிவந்த ஆர்டிஎக்ஸ் 4090 என்ற கார்டில் அத்தகையவை 16,384. சில்லு தாய்வானில் பிறந்தது. அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 1,599 டொலர். அக்காலத்து நாணய மாற்றில், வரி நீங்கலாகவே, ஐந்தே முக்கால் இலட்சம் ரூபாவுக்குக் குறையாது. அது இழுக்கும் மின்சாரம் 450 வாற்று வரை. நம் வகுப்பறைக் கூரை விசிறிகள் ஆறு சுழலலாம்! அந்த மின்சாரம் முழுவதும் இறுதியில் வெப்பமாகி அறைக்குள்ளேயே இறங்குகிறது. மட்டக்களப்பின் சித்திரை வெயிலில் இதை விரும்பி வைத்திருக்கத் தனியான மனத்திண்மை வேண்டும். அதே ஆண்டு மார்ச் இறுதியில் இந்நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததையும் மறந்துவிட முடியாது.

எனினும் விளையாட்டுப் பொருள் என்று இதைத் தள்ளிவிடலாமா? 2012இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்து மாணவர் அலெக்ஸ் கிரிசெவ்ஸ்கி, விளையாட்டுப் பிரியருக்காகக் கடைகளில் விற்கப்பட்ட ஜிடிஎக்ஸ் 580 என்ற கார்டுகள் இரண்டைப் பெற்றோர் வீட்டு அறையில் பூட்டி ஓடவிட்டார். ஏறத்தாழ 12 இலட்சம் படங்களை அவை ஐந்தாறு நாள்களில் கற்றன. சுட்ஸ்கேவர், ஹின்ரன் ஆகிய இருவருடனும் சேர்ந்து அவர் செய்த அவ்வேலையிலிருந்தே இன்று உலகம் பேசும் செயற்கை நுண்ணறிவின் புதிய கட்டம் வேகங்கொண்டது. பிள்ளைகள் விளையாடுவதற்கென்று செய்த கருவி அறிவியலின் கருவியாயிற்று. நம் மாணவனின் கையிலும் அது அப்படி ஆகலாம். ஆகாமல் அவன் வெறுமனே விளையாடினாலும் என்ன குற்றம்? உழைக்கும் மனிதனுக்கு ஓய்வு உரிமை என்றால், அந்த ஓய்வு அழகாயிருப்பதும் உரிமையே.

ஆயின், எண்?

2017 நவம்பரில் என்விடியா நிறுவனம் 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தின் பெயரால் சேகரிப்பாளருக்கென இரண்டு சிறப்புக் கார்டுகளை வெளியிட்டது. உள்ளே இருந்தது அவ்வாண்டு ஏப்ரலில் வந்த டைட்டன் எக்ஸ்பியின் அதே சில்லு, அதே 12 கிகாபைற்று நினைவகம். விலையும் அதே 1,200 டொலர். மாறியவை மேலுறையும் ஒளியின் நிறமும். ஏமாற்று என்று இதை நாம் சொல்ல வரவில்லை. வாங்கியவர் அறிந்தே வாங்கினார். அவர் பெற்ற 'அதிகம்' எது என்பதே கேள்வி. கணக்குப் போடும் ஆற்றலை நூறு பேர் பகிர்ந்தாலும் அது ஆற்றலாகவே இருக்கும். 'சிலரிடம் மட்டும் உண்டு' என்ற பெருமையைப் பகிர்ந்த கணமே அது செத்துவிடும். எண் பொறித்த தகட்டின் விலை அது கிடைக்காதவர்களாலேயே உண்டாகிறது. ஆற்றலுக்கு ஆசைப்படுவதை நாம் மதிக்கிறோம். தகட்டுக்கு ஆசைப்படுவதை மதிக்க முடியவில்லை. அதைக் கொழும்புப் பையனிடமும் சொல்வோம்.

எண்ணிக்கைக்கு உட்பட்ட சிறந்த பொருளை வந்தாறுமூலை முன்பும் கண்டதுண்டு. கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்த காலத்தில் உருவான மத்திய கல்லூரித் திட்டம், பட்டணத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் வாய்த்திருந்த ஆங்கிலத்தையும் விஞ்ஞான ஆய்வுகூடத்தையும் வயல்வெளிகளுக்கு நடுவே கொண்டுவந்து வைத்தது. இவ்வூர் மத்திய மகா வித்தியாலயத்தின் வளவிலே 1981 ஆகஸ்ட்டில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1986 ஒக்ரோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. மத்திய கல்லூரிகளிலும் இடங்கள் எண்ணப்பட்டவையே. புலமைப்பரிசில் பரீட்சை பலரை வெளியே நிறுத்திற்று. ஆனால் 'இருநூறு இடங்கள் மட்டுமே' என்று அதைப் பெருமையாக விளம்பரம் செய்தவர் எவருமில்லை. அந்தக் குறைவு வெட்கத்துக்குரியதாய், இன்னும் ஓர் அறை கட்டித் தீர்க்க வேண்டியதாய் இருந்தது. கணினிப் பெட்டியின் குறைவோ திட்டமிட்டு ஆக்கப்பட்டு, மெருகிட்டு, முகப்பில் ஒட்டப்படுகிறது.

அடுத்த கிழமை அவனை அதே தரிப்பிடத்தில் கண்டோம். அன்று கேட்டது தவறு என்று ஒப்புக்கொண்டோம். பிறகு அந்த எண்ணைப் பற்றி விசாரித்தோம்.

"நம்பர ஆர் கேட்டது, சேர்? உள்ளுக்குக் கிடக்கிற கார்ட்தான் வேணும்" என்றான். சற்றுப் பொறுத்து, "நம்பர் இருந்தா வேணாமெண்டும் சொல்லமாட்டன்" என்று சொல்லிச் சிரித்தான்.