வாயில்லா உயிருக்கு ஒரு படம்

வீட்டில் ஒரு மனிதர் இறந்தால், அழுவோர்க்குத் துணையாக ஊரே திரண்டு வருகிறது. பந்தல் எழுகிறது, பறை ஒலிக்கிறது, அன்று வேலைக்குப் போகாதவனை ஏன் போகவில்லை என்று யாரும் கேட்பதில்லை. அதே வீட்டு வாசலைப் பன்னிரண்டு ஆண்டு காத்த நாய் இறந்தால், ஒரு மண்வெட்டியும் கொல்லையில் ஒரு குழியுமே அதற்குரிய ஈமக்கடன். குழியை மூடியவன் கை கழுவும் சாக்கில் முகத்தையும் கழுவிக்கொண்டு உள்ளே வருகிறான். கண் ஏன் சிவந்திருக்கிறது என்றால், மண் விழுந்துவிட்டது என்கிறான். நாய்க்காக அழுதேன் என்று சொல்ல அவனுக்கு நாணமாயிருக்கிறது.

அந்த நாயின் படமொன்றைச் சட்டமிட்டு அவன் சுவரில் மாட்டினாலோ, வருவோர் போவோர் நகைப்புக்கு அளவில்லை. “தாய் தகப்பன் படம் இருக்க வேண்டிய இடத்தில் நாய்ப் படமா?” என்கிறார்கள். ஆகவே நம் முன்னே இரண்டு வினாக்கள் நிற்கின்றன. பேசாத உயிருக்காக வருந்துவது மனிதனுக்குத் தகுமா? அதன் உருவைப் படமாக்கி வைத்துக்கொள்வதில் பொருளுண்டா? இவற்றை நகைத்துத் தள்ளாமல் சற்று ஆராய்வது நலம்.

முதல் வினாவில், தோட்டத்தில் வாழ்ந்தவர்க்கு ஒரு கசப்பும் கலந்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் பங்களா நாய்க்கு இறைச்சி. லயத்துக் குழந்தைக்குக் கஞ்சி. நாய் நோயுற்றால் மோட்டார் வண்டி பட்டணத்துக்குப் பறக்கும். பால் வெட்டுகிறவள் நோயுற்றால் அன்றைய பெயர் வெட்டப்படும். துரைமார் தம் நாய்களோடு நின்று எடுத்துக்கொண்ட படங்கள் இன்றும் பழைய நூல்களில் காணக் கிடைக்கின்றன. அப்படங்களின் ஓரத்தில் தலைகுனிந்து நிற்கும் கூலியாளின் பெயரை எவர் எழுதிவைத்தார்? இதைக் கண்டவர்கள், நாயன்பு என்பது வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு என்று எண்ணினால் அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

ஆயினும் குற்றம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். துரை நாயை நேசித்தது குற்றமன்று; மனிதனை நேசியாததே குற்றம். அன்பு, படியால் அளந்து போடும் அரிசியன்று, ஒருவர்க்கு இட்டதனால் மற்றவர்க்குக் குறைந்துவிட. அயலானைத் தன் திண்ணையில் உட்காரவிடாத ஒருவன் நாயை மடியில் வைத்துக் கொஞ்சுவானாயின், அவனைக் கண்டிக்க வேண்டும். ஆனால் நாயை மடியிலிருந்து இறக்கிவிடு என்று கண்டிப்பது அறிவாகாது. அயலானைத் திண்ணையில் ஏற்று என்று கண்டிப்பதே அறிவு.

இனி, விலங்குக்காக வருந்துவதும் அதன் உருவை நிறுத்துவதும் மேல்நாட்டாரிடமிருந்து நாம் கற்ற நாகரிகம் என்பாரும் உளர். இதற்குக் கல்லே விடை சொல்லும். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில் 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்றுண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. கருந்தேவக்கத்தி என்னும் வீரன் பட்டதற்காக நட்ட அக்கல்லில் அவன் உருவுடன் ஒரு நாயின் உருவும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்பது அந்த நாயின் பெயர் என்றும், அது கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்தே பொறித்திருக்கிறார்கள்.

கன்னட நாட்டு ஆதகூர்க் கல் இன்னும் வியப்புக்குரியது. 949-இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டான். வென்ற பக்கத்தில் நின்று போரிட்ட மணலேரன் என்னும் வீரனைப் பார்த்து, வேண்டியதைக் கேள் என்றான் கங்க அரசன் பூதுகன். ஊர் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான் மணலேரன். பின்னர் அந்த நாய் ஒரு காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியைக் கொன்று தானும் மடிந்தது. நாயும் பன்றியும் பொருவதைக் கல்லில் வடித்து, அக்கல்லுக்கு நிலமும் விட்டார்கள். அது இன்று பெங்களூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாய்க்காக நாணாமல் வருந்திய மனிதர் ஆயிரம் ஆண்டுக்கு முன்னும் இருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆனால் கல் நிறுத்த அரசன் வேண்டும், சிற்பி வேண்டும், நிலம் வேண்டும். ஏழையின் நாய்க்கு எவர் கல் நடுவார்? அந்தக் குறையைத் தீர்க்க வந்தது நிழற்படம். பாரிஸ் மாநகரில் 1839-இல் இக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, ஓர் உரு பதிவதற்குப் பல நிமிடங்கள் பிடித்தன. அக்காலத்துத் தெருப் படமொன்றில், வண்டியும் மாந்தரும் நிறைந்திருந்த சாலை வெறிச்சோடித் தோன்றுகிறது. செருப்புக்கு மெருகு இடுவித்துக்கொண்டு அசையாமல் நின்ற ஒருவன் மட்டுமே தெளிவாய்ப் பதிந்தான்; நடந்தவர் யாவரும் மறைந்தனர். அசையாதிருக்கக் கற்காத விலங்குக்கு அப்படத்தில் இடமேது? 1888-இல் கோடாக் பெட்டி வந்து, நொடிப்பொழுதில் படம் பதிவது எளிதான பின்னர் நாயும் பூனையும் வீட்டாரோடு படத்துக்குள் புகுவது எளிதாயிற்று.

அதன்பின்னும் படம் எளியவர்க்கு எட்டவில்லை. மலாயாவில் 1948-இல் அவசரகாலத்தில் அடையாள அட்டை கட்டாயமானபோது, அந்த அட்டைக்காகவே முதன்முதல் படப்பெட்டியின் முன் உட்கார்ந்த தோட்டத்தார் பலர். மனிதனுக்கே சர்க்கார் ஆணையால் வாய்த்த படம், அவன் நாய்க்கு எங்கிருந்து வாய்க்கும்?

அக்காலத்தில் பட்டணத்து வீடுகளில் ஒரே ஒரு நாயின் படம் மட்டும் எங்கும் இருந்தது. கிராமபோன் குழாயின் முன் செவி சாய்த்திருக்கும் அந்த நாயை இசைத்தட்டு கேட்ட எவர்தாம் அறியார்? நிப்பர் என்னும் அந்த நாய் 1895-இல் இறந்தது. அதை வளர்த்த ஓவியர் பிரான்சிஸ் பராட் மூன்றாண்டு கழித்து 1898-இல் அந்தப் படத்தைத் தீட்டினார். 1899-இல் ஒரு கிராமபோன் கம்பெனி அதை விலைக்கு வாங்கித் தன் முத்திரையாக்கிக்கொண்டது. இலட்சக்கணக்கான தட்டுகளில் அந்த நாய் சுழன்றது. ஆயினும் அது இறந்துபோன ஒரு நாய் என்று எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? படம் தானாக எதையும் நினைவில் வைத்திருப்பதில்லை. நினைப்பவன் ஒருவன் இருக்கும் வரையில்தான் அது நினைவுச்சின்னம்; பிறகு வெறும் சின்னம்.

எங்கள் வீட்டில் ஒரு படம் உண்டு. அக்காளின் திருமணத்துக்கு மறுநாள் லயத்து வாசலில் எடுத்தது. படம் பிடிக்க வந்தவர் எல்லோரையும் வரிசையாய் நிறுத்திக்கொண்டிருக்கையில், மணி என்ற எங்கள் நாய் அப்பாவின் காலடியில் வந்து படுத்துக்கொண்டது. அவர் அதை விரட்டப் பார்த்தார். “இருக்கட்டும் தம்பி, அதுவும் இந்த வீட்டுப் பிள்ளைதான்” என்று அப்பா குனிந்து அதைப் பார்த்துச் சிரித்தார். அந்த நொடியில் படம் பதிந்துவிட்டது. மணியின் வால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகைபோல் ஒரு கோடு மட்டுமே தெரிகிறது. அது வாலை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

இன்று அப்பாவும் இல்லை, மணியும் இல்லை. அப்பாவுக்கு வேறு படங்கள் உள்ளன. அவற்றிலெல்லாம் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுக்க நிற்பவரைப்போல விறைத்து நிற்கிறார். அவர் சிரிப்பது இந்த ஒன்றில்தான். அம்மா இப்படத்தை எடுக்கும்போதெல்லாம் முதலில் நாயைத் தடவிவிட்டுப் பின்னரே அப்பாவைத் தடவுகிறார். நாய்க்கான துயரம் வேறு, மனிதர்க்கான துயரம் வேறு என்று பிரித்து வைக்க முயல்வோர் அம்மாவின் விரலைப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் ஒன்றாய் வாழ்ந்தவை நினைவிலும் ஒன்றாகவே பின்னிக் கிடக்கின்றன.

படம் எடுக்கும் செயலிலும் ஓர் அறம் உண்டு. நின்றபடியே குனிந்து பார்த்து எடுத்தால் நாயின் முதுகும் தலையும்தான் கிடைக்கும். அதன் முகம் வேண்டுமானால் எடுப்பவன் தரையில் உட்கார வேண்டும். சில வேளை மண்ணில் மார்பு தோயப் படுக்கவும் வேண்டும். கண்ணாடிக் கண்ணை நேரே நீட்டினால் பல நாய்கள் அஞ்சி முகம் திருப்பிக்கொள்ளும். கருநிற நாயாயின் நிழலில் வெறும் கறையாய்ப் போகும்; நல்ல வெளிச்சம் வரும் வரை காத்திருக்க வேண்டும். தன்னிலும் தாழ்ந்தது என்று எண்ணிய உயிரின் முன் தாழ்ந்து அமர்ந்து, அதன் விருப்பம் அறிந்து, பொறுத்துக் காத்திருப்பது மனிதனுக்கு எளிதில் வாய்க்கும் பயிற்சியன்று. நாய்க்குப் படத்தால் ஒரு பயனுமில்லை. தன் படம் என்று அது அறியவும் அறியாது. அப்படி உற்றுப் பார்க்கப்பட்டதுதான் அதற்குப் பயன். உற்றுப் பார்க்கிறவன்தான் அது கால் நொண்டுவதையும் உணவு குறைந்ததையும் முதலில் காண்கிறான்.

இக்காலத்தில் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் படங்கள் ஆயிரக்கணக்கில் குவிகின்றன. அவற்றுள் அன்பால் எடுத்தவை பல. ஊரார் மெச்ச எடுத்தவையும் பல. பூனைக்குச் சட்டை மாட்டி, அது அஞ்சி ஒடுங்குவதைப் படமாக்கிச் சிரிப்பது அன்பாகுமா? இதனினும் நுட்பமான ஒன்றுண்டு. உயிர் பிரியும் வேளையிலும் சிலர் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். போவதைப் பிடித்து நிறுத்திவிட முடியாதா என்னும் தவிப்பே அப்படிச் செய்விக்கிறது. ஆயினும் அவ்வேளையில் அந்த உயிருக்கு வேண்டியது கழுத்தைத் தடவும் கை. படப்பெட்டி பிடித்த கையால் தடவ இயலாது. படத்தைத் துறந்து கையைக் கொடுப்பதே அப்போது அன்பாகும். அந்தக் கடைசிக் காட்சி எந்தப் படத்திலும் இராது. இராமற்போவதில் இழப்பும் இல்லை.

துயரம் சுவரில் மாட்டிய படத்தோடு நின்றுவிட்டால் அதனால் யாருக்கும் நன்மையில்லை. மலேசியாவில் தோட்டங்கள் பல விலைபோய், மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தபோது, கட்டி வளர்த்த மாடுகளை விற்றார்கள். நாய்களையோ, வேறு வழியின்றி, வெற்று லயங்களில் விட்டு வந்தவர் பலர். அந்த நாய்களுக்குப் படமும் இல்லை, குழியும் இல்லை. இன்று சட்டம் சற்றே விழித்திருக்கிறது. மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டப்படி, வளர்க்கும் விலங்கைப் பேணுவது உடையவன் கடமை. கொடுமை செய்தோர்க்கு 1,00,000 ரிங்கிட் வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. சிங்கப்பூரில் நெடுங்காலம் வீடமைப்புக் கழக வீடுகளில் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல், உரிமம் பெற்று இரண்டு பூனை வரை வளர்க்கலாம். சட்டம் செய்யக்கூடியது இவ்வளவே. தெருவில் ஒதுங்கி நிற்கும் நாய்க்கு ஒரு சட்டி தண்ணீர் வைக்கச் சட்டம் வாராது. இறந்த நாயை நினைத்து வருந்தியவன்தான் வர வேண்டும்.

ஆதலின் அன்பர்களே, வளர்த்த உயிருக்காக அழுவதற்கு நாணாதீர்கள். அழுகிறவனைக் கண்டு நகையாதீர்கள். உயிரோடிருக்கும்போதே, அதன் முன் தரையில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து வையுங்கள். எடுத்தபின் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இன்னும் சற்று நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.